உஷார்! தகடூர் லோடு லோடாகப் போகிறது

வீடு கட்ட வாணம் தோண்டப் போகிறீர்களா? செப்டிக் டேங்க் குழிக்குப் பொக்லைன் சொல்லியிருக்கிறீர்களா? கொல்லைமேட்டைச் சமன்படுத்த டிராக்டர் வரப்போகிறதா? தர்மபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்த வட்டத்துக்காரராக இருந்தாலும் வண்டி வருவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். வண்டி வந்துவிட்டது என்றால் டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் ஒரு சாண் மண்ணின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையை இன்று எல்லோருக்கும் தெரியும். 2003இல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே முதலில் அகழாய்வு செய்தபோது அது தர்மபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில். பிறகு 2021இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியது. இரும்புப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்கிலிருந்து, 104 சென்டிமீட்டர் ஆழத்திலும் 130 சென்டிமீட்டர் ஆழத்திலும் எடுத்த மாதிரிகளைக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். மேலே எடுத்தது கி.மு. 1615 என்று வந்தது. கீழே எடுத்தது கி.மு. 2172. தமிழகத்தில் இரும்பு 4,200 ஆண்டுப் பழமை கொண்டது என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது இந்த முடிவை வைத்துத்தான்.

இரண்டு ஆழங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 26 சென்டிமீட்டர். கையை விரித்து அளந்தால் ஒரு சாணும் ஒரு விரலும். அந்த மண்ணுக்குள் 557 ஆண்டுகள் படுத்திருந்தன. பொக்லைன் வாளி ஒருமுறை இறங்கி ஏறினால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு மண்ணை அள்ளிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் ஆயிரம் ஆண்டு டிப்பரில் ஏறிவிடும். டிப்பரில் கொட்டிய பிறகு மேலே இருந்தது எது, கீழே இருந்தது எது என்று எந்த விஞ்ஞானியாலும் பிரிக்க முடியாது. அந்தக் காலத்தைக் கணிக்க உதவியது தங்கமோ சிலையோ அல்ல. வெறும் கரித்துண்டு. ஒரு பிடி அடுப்புக்கரியைப் போன்றது. அதைத்தான் நாம் "கரி மண்ணு, தூக்கிப் போடுங்க" என்கிறோம்.

எனக்கு இதில் பயம் வந்தது ஒரு சாயங்காலத்தில். சாலையோரம் ஒரு மேட்டை வெட்டி மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய பக்கம் சுவர்போல நேராக நின்றது. மேலே செம்மண், அதன்கீழ் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதற்கும் கீழே கறுப்பு, பிறகு மறுபடி பழுப்பு. கறுப்புப் பட்டையில் ஓட்டாஞ்சில்லுகள் விளிம்பு விளிம்பாக நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. எலும்புத் துண்டுகளும் இருந்தன. டிரைவரிடம் கேட்டேன். "எல்லா மேட்டுலயும் இப்டி ஓட்டாஞ்சில்லு வர்றதுதாண்ணா. காலைலருந்து பதினாறு லோடு போயாச்சு" என்றார். நல்ல பையன். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. மறுநாள் காலை போனேன். மேடு இருந்த இடத்தில் தரை இருந்தது.

அந்த மேட்டில் என்ன இருந்தது என்று இனி ஒருவருக்கும் தெரியாது. அதே மாதிரி மேடுகள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கின்றன. நத்தமேடு, சாம்பல்மேடு, கோட்டைமேடு என்று பெயரிலேயே சேதி இருக்கும். நத்தம் என்றாலே ஒரு காலத்தில் குடியிருந்த இடம். அந்த மண்ணில் சாம்பலும் எலும்பும் மக்கிய எருவும் கலந்திருப்பதால் பயிருக்கு நல்ல உரம் என்று வண்டி வண்டியாகக் கொல்லைக்கு அடித்த தலைமுறை உண்டு. மண்வெட்டியும் கூடையுமாக அவர்கள் நூறு ஆண்டில் எடுத்ததை இன்று ஒரு இயந்திரம் ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறது. அதனால்தான் இப்போதே கத்த வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்தின் அடிமண்ணில் எத்தனை அடுக்கு என்று யோசித்தால் தலை சுற்றும். பூதிநத்தத்தில் 2023இல் தொல்லியல் துறை தோண்டியது புதிய கற்கால மக்களின் வாழ்விடத்தைத் தேடித்தான். அந்தக் காலத்து வழவழப்பான கற்கோடரிகளை உழவு ஓட்டும்போது கண்டெடுத்து, மரத்தடியில் சாமியாக வைத்துப் பூசை செய்யும் ஊர்கள் இந்தப் பக்கம் இன்றும் உண்டு. மோதூரில் 2004-05இல் நடந்த அகழாய்வும் புதிய கற்காலத்திலிருந்து இரும்புக் காலத்துக்கும் அதற்குப் பின்னுக்கும் நீளும் வாழ்க்கையைக் காட்டியது. அப்புறம் ஈமச்சின்னங்கள். கல்வட்டம், கல்திட்டை, கல்பதுக்கை. பாண்டவர் குழி என்றும் மோரியர் வீடு என்றும் பாட்டி தாத்தா சொல்வார்களே, அவைதான்.

அதற்கும் மேலே அதியமான்கள். தகடூர் என்ற பெயர்தான் பின்னால் தர்மபுரியாக மாறியது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அஞ்சியின் ஊர் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அவன் வெறும் புலவர் கற்பனை இல்லை என்பதற்கு 1981இல் ஜம்பையில் கண்டுபிடிக்கப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு சாட்சி. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று அது சொல்கிறது. அசோகர் தம் பாறைக் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல காலம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். விடை ஒரு குன்றுப் பாறையில் இருந்தது. அந்தப் பாறையைக் கல் உடைக்கிறவர்கள் முதலில் பார்த்திருந்தால்?

அதியமானுக்குப் பின் கங்கர், பாணர், பல்லவர், நுளம்பர், சோழர், ஹொய்சளர், விஜயநகரம், மைசூர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்ற இந்தப் பகுதியைத் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின்கீழ் வேலைபார்த்த தாமஸ் மன்றோ சில ஆண்டுகள் தர்மபுரியில் குடியிருந்தார். ஒவ்வொருவரும் தங்கள் பானையை உடைத்து, கூரையை இடித்து, குப்பையைக் கொட்டி ஓர் அடுக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு மேலேதான் நாம் வாணம் தோண்டுகிறோம்.

இதில் எனக்கு அடிவயிற்றைக் கலக்குவது ஒரே ஓர் அடுக்கு. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தின் தலைவன் பெருஞ்சேரல் இரும்பொறை. அரிசில் கிழார் பாடியது. அந்தச் சேர மன்னனுக்குப் பட்டப்பெயரே தகடூர் எறிந்த என்பது. அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று தனியாக ஒரு நூலே இருந்தது. முழுநூல் அழிந்துபோய், மேற்கோளாக வந்த சில பாட்டுகள்தான் மிச்சம். ஆக, ஏட்டில் இருந்த தகடூர் யாத்திரையைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சம் ஏதாவது இருந்தால் அது மண்ணில்தான் இருக்க வேண்டும். ஒரு கோட்டையை முற்றுகையிட்டு அழித்தால் எரிந்த மரம் விழும், சுட்ட மண் சிவக்கும், அம்புமுனை சிதறும். அப்படி ஒரு பட்டை அதியமான்கோட்டைப் பக்கமோ தர்மபுரி நகருக்குள்ளோ எங்காவது படுத்திருந்தால் அது நான்கு விரல் கனம்கூட இருக்காது. உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் குழி அதை ஊடுருவிப் போகும். யாருக்கும் தெரியாது.

நான் இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். லண்டனில் இது கண்ணெதிரே இருக்கிறது. ரோமானியர் கட்டிய லண்டன் நகரை கி.பி. 60 அல்லது 61இல் பூடிக்கா என்ற ராணியின் படை கொளுத்தியது. இன்றைக்கும் அங்கே வங்கிக் கட்டடங்களுக்கு அடியில் தோண்டும்போது செங்கல் பொடிபோல் சிவந்த ஒரு பட்டை வருகிறது. அந்தத் தீயின் பட்டை. அதற்குக் கீழே கிடைத்தால் தீக்கு முந்தையது, மேலே கிடைத்தால் பிந்தையது. ஒரு நகரத்துக்கே அது காலண்டர். 1990இலிருந்து அங்கே திட்ட அனுமதி விதிகளிலேயே இது வந்துவிட்டது. அடியில் தொல்பொருள் இருக்கக்கூடிய இடத்தில் கட்டடம் எழுப்புகிறவர், முதலில் தம் செலவில் ஆய்வு செய்யவேண்டும். ப்ளூம்பெர்க் நிறுவனம் அப்படி ஒரு தலைமையகம் கட்டப்போன இடத்தில் 400க்கும் மேற்பட்ட மர எழுத்துப்பலகைகள் கிடைத்தன. அதில் ஒன்றில் கி.பி. 57 ஜனவரி 8 என்று தேதி போட்டு, வாங்கிய சரக்குக்கு 105 தெனாரியம் தரவேண்டியிருக்கிறது என்று ஒருவன் எழுதிக்கொடுத்திருக்கிறான். ஒரு புரோநோட்டு! ஈரக் களிமண்ணில் புதைந்திருந்ததால் மரம் மக்காமல் பிழைத்தது. அங்கே ஒரு அவசரக்கார காண்டிராக்டர் இருந்திருந்தால் அதுவும் டிப்பரில் போயிருக்கும்.

நம்மிடம் வீட்டுமனைக்கு வரைபட அனுமதி கேட்டால் பத்திரம் கேட்பார்கள், பட்டா கேட்பார்கள், வழி கேட்பார்கள். அடியில் பழைய மேடா என்று ஒருவரும் கேட்பதில்லை. குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் தெருத்தெருவாகக் கால்வாய் வெட்டுகிறார்கள். அதியமான்கோட்டையிலிருந்து ஓசூர் நோக்கி நெடுஞ்சாலை, மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ரயில் பாதை, சிப்காட் தொழிற்பூங்கா எல்லாம் வேண்டியவைதான். வேலைக்காகப் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஓடுகிற மாவட்டம் இது. சாலையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. தோண்டுகிற இடத்தில் மண் தெரிந்த ஓர் ஆள் நிற்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஒரே ஓர் ஆள்.

அடுத்த அபாயம் காசு. கரூரைக் கேளுங்கள், சொல்லும். அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசும் சேரர் காசும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. மணலைச் சலித்து எடுத்தவர்கள் கிடைத்த விலைக்கு விற்றார்கள். மாக்கோதை, கொல்லிப்பொறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் வெளிச்சத்துக்கு வந்தது நாணய ஆய்வாளர்கள் அங்கங்கே தேடி வாங்கிப் படித்ததால். அந்த அளவுக்கு நம் அதிர்ஷ்டம். ஆனால் எந்தக் காசு எதனோடு, எந்த ஆழத்தில் கிடந்தது என்ற கேள்விக்கு இனி விடை கிடையாது. அதே கரூர் நகருக்குள் 1973-74இல் தொல்லியல் துறை முறையாகத் தோண்டியபோது ரோமானிய ஆம்போரா சாடித் துண்டுகள், உருளைக்கோட்டுப் பானை ஓடுகள், சேரர் காசு எல்லாம் தத்தம் அடுக்கில் வந்தன. ரோமின் மதுவும் சேரனின் காசும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் புழங்கின என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல முடிவது அப்படிப்பட்ட குழிகளால்தான். ஆற்று மணலில் பொறுக்கியதை வைத்து அதைச் சொல்ல முடியாது.

ஆம்போரா துண்டு எப்படி இருக்கும் தெரியுமா? அடிப்பக்கம் கூம்பாகக் குவிந்து, உடைந்த வடிகால் குழாய் மாதிரி இருக்கும். யாரும் குனிந்துகூடப் பார்க்கமாட்டார்கள். தர்மபுரியில் அப்படி ஒன்று வாளியில் வந்தால் பழைய பைப் என்று எறிந்துவிடுவோம். காசுக்கு ஆசைப்படுகிறவன் கண்ணில் காசு மட்டும் தெரியும். சில்லு தெரியாது.

தங்கமே கிடைத்தாலும் என்ன ஆகிறது? 1847இல் கண்ணூர் அருகே கோட்டயம் என்ற இடத்தில் ரோமானியத் தங்கக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. ஐந்து கூலியாட்கள் சுமக்கும் அளவு என்று அந்தக் காலத்தில் பேசப்பட்டது. பெரும்பகுதி உருக்கப்பட்டும் கைமாறியும் போனது. மொத்தம் எத்தனை என்றுகூடச் சரியாகத் தெரியாமல் போயிற்று. 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் கிடைத்தவை 501 தங்கக் காசுகள். அவை அரசின் கைக்கு வந்து, எண்ணப்பட்டு, உடனே ஆய்வுக்குப் போயின. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தில் உளியால் ஒரு வெட்டு இருந்ததை அப்போதுதான் கவனித்தார்கள். ஏன் வெட்டினார்கள் என்று இன்றுவரை கட்டுரை எழுதுகிறார்கள். ஒரு தட்டான் பட்டறைக்குப் போயிருந்தால் அந்த வெட்டும் இல்லை, கேள்வியும் இல்லை.

மூன்றாவது, இதுதான் இப்போது ஊர் ஊராகச் சுற்றுகிறது. புதையல் ஆசை. மை போட்டுப் பார்க்கிறேன் என்பான். உங்கள் கொல்லையில் ஏழு குடம் இருக்கிறது, பூதம் காக்கிறது, பூசைக்கு ஐம்பதாயிரம் ஆகும் என்பான். இன்னொருவன் மெட்டல் டிடெக்டரோடு ராத்திரியில் வருவான். இன்னொருவன் கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடி கோடியாகப் போகும் என்பான். ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து, கீழே 1818 என்றும் ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்றும் அடித்த செப்புக்காசைக் காட்டி லட்சம் பேசுவான். அது போலி. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் செம்பு உலகத்தில் எங்கும் இல்லை. நிலத்தை அடகு வைத்து இவர்களிடம் கொடுத்தவர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு நிற்பதைப் பத்திரிகையில் பார்க்கிறோம்.

பணம் போனால் உழைத்துச் சம்பாதிக்கலாம். இந்தக் கும்பலால் கல் உடைகிறது. நடுகல்லுக்கு அடியில் தங்கம் வைத்துப் புதைத்தார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியை நம்பி, ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைப் பெயர்த்துக் குழி பறித்துவிட்டுப் போகிறார்கள். உலகத்தில் இந்த மாவட்டத்துக்கு நிகராக நடுகல் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. 1970களில் இயக்குநர் நாகசாமி காலத்தில் தொல்லியல் துறை தர்மபுரி, செங்கம் பகுதிகளில் ஊர் ஊராகப் போய்ப் படித்து நூலாக்கிய கற்கள் தமிழ் எழுத்து வட்டெழுத்தாக வளர்ந்த கதையையே மாற்றி எழுதவைத்தன. ஆநிரை மீட்டுச் செத்தவன், புலியோடு பொருதிச் செத்தவன், தன் ஊர் அழிந்தபோது பட்டவன். அரசன் பெயரும் ஆண்டும் வீரன் பெயரும் ஒரே கல்லில். தங்கத்துக்கு எங்கே போவான் அவன்? மாடு மேய்த்த வீரனின் குழியில் மாடு மேய்த்தவன்தான் இருப்பான்.

நம் பெரியவர்கள் அந்தக் கல்லுக்கு வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கல் வைத்தார்கள். அதனால்தான் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு பிழைத்தது. இப்போது வேடியப்பனுக்கே கான்கிரீட் கோயில் கட்டுகிறோம் என்று கல்லைச் சிமெண்டில் பதித்து, மேலே எனாமல் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பக்தியில் செய்வது, தெரியும். ஆனால் எழுத்து உள்ளே போய்விடுகிறது. தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீர்கள். மணல் வீச்சால் சுத்தம் செய்யாதீர்கள். மஞ்சளும் குங்குமமும் பாலும் அந்தச் சாமிக்குப் போதும்.

தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? அங்கே வரிசையாக நிற்கும் கற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இந்த மாவட்டத்தில் கிடைத்த மைல்கல் ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டு எழுத்து. அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்று அதில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கனுக்காக அதே 29ஐ இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியுமாகக் கல்லிலேயே கொத்திவைத்திருக்கிறான். தடவிப் பார்த்துத் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். இருட்டில்கூட. இந்த அறிவுள்ள மனிதர்கள் போட்ட கல்லை நாம் துணி துவைக்கவும் வேலி நடவும் எடுத்துவிடுகிறோம். கல்வட்டத்தின் கற்களைப் பெயர்த்து வரப்புக்கு அணை கொடுத்த கொல்லைகளை நான் எண்ணியே அலுத்துவிட்டேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரியாது என்று யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும், என்ன பொருள், எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மறைத்தாலும், அடையாளம் தெரியாமல் உருக்கினாலும், உங்கள் பங்கு அரசுக்குப் போய்விடும். அதோடு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிலத்துக்காரர் அதற்கு உடந்தையாக இருந்தால் அவருக்கும் ஆறு மாதம் வரை. முறையாகத் தெரிவித்தால் அந்தச் சட்டமே உங்களுக்குப் பங்கு தருகிறது. உரிமை கோரி யாரும் வராத புதையலில் நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரவேண்டும் என்று இருக்கிறது. கூலிக்குத் தோண்டுகிற தம்பிக்கும் பங்கு உண்டு என்பதை நன்றாகக் கவனியுங்கள். அதற்கும் மேலே 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். நூறு ஆண்டு கடந்த காசும் சிலையும் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "போட்டோ மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, பார்ட்டி துபாயில் இருக்கார்" என்று யாராவது சொன்னால் அந்த நம்பரைப் போலீசுக்குக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் நல்லவர்கள்கூட வாயைத் திறப்பதில்லை. "சொன்னா நெலத்தைப் புடுங்கிக்குவாங்க சார்." எத்தனை வீட்டில் இதைக் கேட்டிருக்கிறேன்! அதனால் கிடைத்த தாழியை ராத்திரியிலேயே உடைத்து மூடிவிடுகிறார்கள். கீழடியைப் பாருங்கள். தனியார் தென்னந்தோப்புகளில், சொந்தக்காரர்களின் சம்மதத்தோடு குழி போட்டார்கள். ஆய்வு முடிந்த குழிகளில் பலவற்றைப் பழையபடி மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். மண்ணைக் கொடுத்தவர்களின் ஊர் இன்று உலகத்துக்கே தெரிகிறது. ஒரு பானைக்காக ஒருவரின் கொல்லையை யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை.

எதைக் கண்டால் நிறுத்தவேண்டும்? மண் திடீரென்று கறுத்தால், சாம்பலாக மாறினால், அடுப்புக்கரி வந்தால். ஓட்டாஞ்சில்லு ஒன்றிரண்டு அல்லாமல் கொத்தாக வந்தால். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சுடுமண் வளையம் தெரிந்தால், அது உறைகிணறு. இன்றைய செங்கல்லைவிட அகலமும் நீளமுமாகப் பெரிய செங்கல் தெரிந்தால். பானைக்குள் எலும்பு இருந்தால். இரும்புக் கசடு, உலையில் உருகிய கழிவு, கனமாக, ஓட்டை ஓட்டையாக, துருநிறத்தில் இருக்கும். இந்த மாவட்டத்துக்கு அது தங்கத்துக்கும் மேல். கீறல் உள்ள ஓடு வந்தால் தேய்த்துக் கழுவாதீர்கள். கீறல் எழுத்தாக இருக்கலாம். பானைக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். உள்ளே நெல்லின் உமி இருக்கலாம், அதை வைத்தே காலத்தைச் சொல்லிவிடுவார்கள்.

வண்டியை நிறுத்துங்கள். பொருளை இருந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். குழியின் சுவரையும் மேலிருந்து கீழாக ஒரு படம் எடுங்கள், அதுதான் முக்கியம். வி.ஏ.ஓ.விடமும் தாசில்தாரிடமும் சொல்லுங்கள். கலெக்டர் ஆபீசில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நேரில் போய்ச் சொன்னாலும் தொல்லியல் துறைக்குச் சேதி போகும். அவர்கள் வருவதற்கு நாளாகலாம். சில நேரம் ரொம்ப நாளாகும், மழையும் வரும், கொத்தனாரும் கூலி கேட்பார். அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். அரசு இதில் வேகம் காட்டவேண்டும் என்று நாம் சேர்ந்துதான் கேட்கவேண்டும். ஊராட்சியின் கிராமசபையில் ஒரு தீர்மானம் போடுங்கள்: எங்கள் ஊர் எல்லையில் உள்ள மேடுகள், நடுகற்கள், கல்வட்டங்கள் இவை, சர்வே எண் இது, இங்கே மண் எடுக்க அனுமதி தரக் கூடாது என்று. நான்கு கிராமசபையில் இப்படித் தீர்மானம் வந்தால் கனிமவளத் துறைக்கு அனுமதி கொடுக்கும்போது கை நடுங்கும்.

பள்ளிக்கூட வாத்தியார்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்து, எங்கே சில்லு கிடக்கிறது, எங்கே கல் நிற்கிறது என்று ஒரு நோட்டில் வரைந்துவையுங்கள். எதையும் தோண்ட வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்துக் காசு நான்கு இருக்கிறதா? பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள், புளி போட்டும் தேய்க்காதீர்கள். எந்தக் கொல்லையில், யார் உழும்போது கிடைத்தது என்று பாட்டியிடம் இன்றைக்கே கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள். பாட்டிக்கு எண்பது வயதாகிறது.

நாளைக் காலை ஆறு மணிக்குப் பொக்லைன் வரும். சாவியைத் திருகுவதற்கு முன் அந்த டிரைவர் தம்பியிடம் போய்ச் சொல்லுங்கள்: "மொத ரெண்டு அடி மெதுவா எடு தம்பி. மண்ணு கறுத்தா வாளியத் தூக்கிட்டு என்னைக் கூப்புடு."